மலைநாட்டுப் பிராணியும் நம் ஊர் வெயிலும்



சித்திரை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வேலூரில் காலை ஒன்பதரை மணிக்கே மொட்டை மாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. கத்திரி தொடங்கியபின் என்ன பாடு படப்போகிறோமோ தெரியவில்லை. நாமாவது வாய்விட்டு “ஸ்ஸப்பா” என்கிறோம். வாயில்லாத ஜீவன் ஒன்றைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழகியதுதானே!

போன வாரம் 1994ஆம் வருஷத்து மாணவி ஒருத்தி திருச்சியிலிருந்து போன் செய்தாள். மகளின் பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி கினிப்பன்றி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். “எலி மாதிரிதாம்மா, எதையும் தாங்கும்” என்று சொல்லிக் கடைக்காரர் விற்றாராம். போன வருஷம் மே மாதத்தில் ஒரு மத்தியானம், பால்கனியில் கூண்டுக்குள் ஒன்று செத்துக் கிடந்தது. காலையில் நன்றாகக் கீரை தின்ற பிராணி. பிறகு துணைக்கு இன்னொன்று வாங்கி, இப்போது மறுபடியும் இரண்டு இருக்கின்றன. “இந்த வருஷமும் அதே வெயில் வருது சார். பொண்ணு ராத்திரி எழுந்து எழுந்து கூண்டைப் பார்க்கிறா. என்ன செய்யலாம்?” என்றாள். “நான் வரலாற்று வாத்தியார் ஆச்சேம்மா, டாக்டரைக் கேளேன்” என்றேன். “டாக்டரையும் கேட்டுட்டேன் சார். நீங்க எதுக்குமே ஒரு கதை வச்சிருப்பீங்களே, அதான்” என்றாள்.

கதை இருக்கிறது. போனில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். நம் உறவிலேயே இரண்டு வீடுகளில் பேரப்பிள்ளைகள் இதை வளர்க்கிறார்கள் என்பதால் அவர்களுக்கும் உதவும்.

முதலில் பெயர். கினிப்பன்றி கினி நாட்டிலிருந்து வந்ததும் இல்லை, பன்றியும் இல்லை. கொறித்துத் தின்னும் இனம். கினி என்பது ஆப்பிரிக்காவில். இதன் சொந்த ஊர் தென்னமெரிக்கா. ஜெர்மானியர்கள் இதைக் கடல் பன்றிக்குட்டி என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் இந்தியப் பன்றி என்கிறார்கள். அந்த ‘இந்தியா’ நம்முடையது இல்லை, கொலம்பஸ் குழப்பிவிட்ட இந்தியா. நம் பழைய அகராதிக்காரர்கள் சீமைப் பெருச்சாளி என்று எழுதினார்கள். கப்பலில் வந்ததெல்லாம் நமக்குச் சீமைதான். மண்ணெண்ணெய் சீமை எண்ணெய், சாக்பீஸ் சீமைச் சுண்ணாம்பு. முப்பத்தெட்டு வருஷம் சீமைச் சுண்ணாம்பு பிடித்த எனக்குச் சீமைப் பெருச்சாளி என்ற பெயரில் ஒரு பிரியம் உண்டு. ஆனாலும் கடைக்காரர் சொன்ன எலிக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

பெரு, பொலிவியா, எக்வடார் நாடுகளில் ஆண்டிஸ் மலைத்தொடர் ஓடுகிறது. அந்த மலைமக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பிராணியைப் பழக்கி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கெச்சுவா மொழியில் இதற்குக் ‘குவி’ என்று பெயர். அது கத்தும் சத்தமே பெயராகிவிட்டது, நாம் காக்கைக்கு வைத்த மாதிரி. ஸ்பானியர்கள் அதையே ‘கூய்’ ஆக்கினார்கள். இன்கா பேரரசின் தலைநகரான குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அதாவது ஊட்டிக்கு மேலே இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அங்கே பகலில் இருபது டிகிரியை ஒட்டி வெயில் காயும். ஜூன், ஜூலை இரவுகளில் உறைபனி நிலைக்கு இறங்கிவிடும்.

அந்தக் குளிரில் இந்தப் பிராணி எங்கே வளர்ந்தது தெரியுமா? சமையலறையில். கூண்டெல்லாம் கிடையாது. மண்சுவர் வீடு, மண்தரை, மூலையில் அடுப்பு. தரையில் புல்லை இறைத்துவிடுவார்கள். காய்கறித் தோலும் அங்கேயே விழும். இருபது முப்பது உருப்படிகள் அடுப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். சுவரோரம் சின்னப் பொந்து போல இடம் விட்டிருப்பார்கள், உள்ளே போய்ப் பதுங்கிக்கொள்ளும். இன்றைக்கும் மலைக்கிராமங்களில் இப்படி வளர்க்கும் வீடுகள் உண்டு.

வளர்ப்பது கொஞ்சுவதற்கு இல்லை. திருவிழா, கல்யாணம், விருந்தாளி வந்தால் சமைப்பதற்கு. நம் கிராமத்தில் கொல்லைக் கோழி எப்படியோ, அங்கே கூய் அப்படி. சைவக் குடும்பத்து உறவுகள் முகம் சுளிக்க வேண்டாம். இன்னொரு வேலையும் அதற்கு இருந்தது. நோயாளியின் உடம்பு முழுக்கக் கூயைத் தேய்த்து எடுத்து, நோய் எங்கே இருக்கிறது என்று அதை வைத்துக் குறி பார்க்கும் வைத்தியர்கள் இருந்தார்கள். உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிற நமக்கு இது வியப்பாக இருக்காது. குஸ்கோ பேராலயத்தில் மார்கோஸ் சபாத்தா வரைந்த ‘கடைசி இராவுணவு’ ஓவியம் ஒன்று இருக்கிறது, பதினெட்டாம் நூற்றாண்டு. அதில் இயேசுவுக்கும் சீடர்களுக்கும் நடுவே தட்டில் கால்களைத் தூக்கிக்கொண்டு கிடப்பது கூய்தான் என்று ஊர்க்காரர்கள் காட்டுவார்கள். இல்லை, அது விஸ்காச்சா என்ற வேறு மலைப்பிராணி என்று வாதாடுகிற அறிஞர்களும் உண்டு. எப்படியானாலும், இயேசுநாதருக்கே தங்கள் வீட்டு விருந்தைப் பரிமாறிவிட்டான் அந்த ஓவியன்!

இங்கே புவியியல் படித்த பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பீர்கள். பெருவின் கடற்கரையிலும் இதை வளர்த்தார்களே, அது மலை இல்லையே? நல்ல கேள்வி. லிமா நகரம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 12 டிகிரி. சென்னை வடக்கே 13 டிகிரி. அட்சரேகை ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் லிமாவில் கோடையில்கூட வெயில் முப்பது டிகிரியைத் தொடுவது அபூர்வம். அண்டார்டிகா பக்கமிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் அந்தக் கரை முழுவதையும் குளிரவைத்துக்கொண்டே போகிறது. ஒன்பதாம் வகுப்பில் நீரோட்டங்களை மனப்பாடம் செய்யச் சொன்னபோது “இதெல்லாம் எதுக்கு சார்?” என்று கேட்டவன் இதைப் படித்துக்கொண்டிருப்பான் என்று நம்புகிறேன்.

ஆக மலையில் இருந்தாலும் கரையில் இருந்தாலும், இந்தப் பிராணியின் உடம்பு வேலூரையும் திருச்சியையும் போன்ற ஒரு மே மாதத்தைப் பார்த்ததே இல்லை.

ஸ்பானியர்கள் பதினாறாம் நூற்றாண்டில் அந்த மண்ணைப் பிடித்தபிறகு உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாயோடு இதுவும் கப்பலேறியது. 1554இல் சுவிட்சர்லாந்தின் கான்ராட் கெஸ்னர் இதைப் பற்றி எழுதிவிட்டார். சுமார் 1580ஐச் சேர்ந்த ஒரு படம் இருக்கிறது. மூன்று பணக்காரக் குழந்தைகள், நடுவில் நிற்கும் பெண் குழந்தையின் கையில் ஒரு கினிப்பன்றி. சமையலறையிலிருந்து குழந்தை மடிக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். ஐரோப்பாவின் குளிர் அதற்கு ஒத்துப்போனது, அங்கே பயமெல்லாம் பனிக்காலத்தைப் பற்றித்தான்.

இப்போது நான் சொல்ல நினைத்த முக்கியமான கதைக்கு வருகிறேன். இடம் பாரிஸ். காலம் 1782 கடைசி, 1783 தொடக்கம், நடுங்கும் குளிர்காலம். ஆள்கள் இருவர். வேதியியலின் தந்தை என்று நீங்கள் பாடத்தில் படித்த லவாய்சியர், கணித மேதை லாப்லாஸ். அவர்களுக்கு ஒரு சந்தேகம். விறகு எரியும்போது காற்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு வேறொரு வாயுவை விடுகிறது. உயிர்கள் மூச்சு விடும்போதும் அதேதான் நடக்கிறது. அப்படியானால் நம் உடம்புச் சூடும் ஒருவகை எரிதல்தானா?

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு பாத்திரம் செய்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அடுக்கு. நடுவில் ஒரு கம்பிக் கூடை. கூடையைச் சுற்றி ஓர் அடுக்குப் பனிக்கட்டி. அதற்கும் வெளியே இன்னோர் அடுக்குப் பனிக்கட்டி. வெளிச்சூடு உள்ளே போகாமல் கடைசி அடுக்கு தடுத்துவிடும். அதனால் நடு அடுக்கில் எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறதோ, அது முழுக்கக் கூடையில் இருக்கும் பொருள் விட்ட சூட்டால் உருகியது. அடியில் குழாய் வழியே வடியும் தண்ணீரை எடை போட்டால் போதும், சூட்டை அளந்துவிடலாம். எவ்வளவு எளிமை பாருங்கள். பிற்பாடு லவாய்சியர் இதற்குக் கலோரிமீட்டர் என்று பெயர் வைத்தார். பனிக்கட்டி வேண்டும் என்பதாலேயே குளிர்காலத்தில் செய்தார்கள்.

கூடைக்குள் அவர்கள் வைத்தது ஒரு கினிப்பன்றி.

பத்து மணி நேரத்தில் அந்தச் சின்னப் பிராணி 13 அவுன்ஸ் பனிக்கட்டியை உருக்கியது. பழைய பிரெஞ்சு அவுன்ஸ், இன்றைய கணக்கில் 400 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அது அதே நேரத்தில் வெளியே விடும் கரியமில வாயுவையும் தனியாக அளந்தார்கள். அதே அளவு வாயு வரும்படி கரியை எரித்தால் பத்தரை அவுன்ஸ் உருகும் என்று கணக்கு வந்தது. பதின்மூன்றும் பத்தரையும் ஒன்றில்லைதான். பனியில் கிடந்த பிராணியின் கைகால்கள் குளிர்ந்த கணக்கு, அதன் மூச்சின் ஈரம் என்று அவர்களே காரணமும் சொன்னார்கள். ஆனால் முடிவு தெளிவாகிவிட்டது. மூச்சு என்பது மெதுவாக எரியும் தீ. உயிருள்ள ஒவ்வோர் உடம்பும் ஓர் அடுப்பு. 1783 ஜூனில் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இதைப் படித்தார்கள்.

(லவாய்சியரைப் பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794 மே 8ஆம் தேதி கில்லட்டினில் வெட்டிக் கொன்றார்கள். புரட்சிப் பாடம் நடத்தும்போது இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். ஞாபகம் இருக்கிறதா?)

அந்த 400 கிராம் பனிக்கட்டியை நம் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கப் போதுமான வெப்பம் அது. ஒரு கிலோகூடத் தேறாத உடம்பு, பத்து மணி நேரத்தில்! பனிக்கு நடுவே இருந்ததால் கூடுதலாக எரித்திருக்கும், கோடையில் இவ்வளவு எரிக்காது என்பது உண்மைதான். ஆனால் அடுப்பை முழுதாக அணைத்துவைக்க எந்த உயிராலும் முடியாது. தின்றாலும் தூங்கினாலும் அது கனன்றுகொண்டேதான் இருக்கும். அந்தச் சூடு வெளியேற வழி வேண்டும்.

பாரிஸில் வழி இருந்தது, சுற்றிலும் பனிக்கட்டி. திருச்சி பால்கனியில் என்ன இருக்கிறது? சூடு எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். கினிப்பன்றியின் உடம்பு வெப்பம் 38, 39 டிகிரி. பால்கனியில் காற்று 40 டிகிரி. சூடு வெளியே போக முடியாது, மாறாக வெளியிலிருந்து உள்ளே வரும். நமக்கு அந்த நிலைமையில் வேர்வை உண்டு. வேர்வை ஆவியாகும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும். எருமை குட்டைக்குள் இறங்கிவிடும். எலிக்குக்கூட நீளமான வெறும் வால் இருக்கிறது, அந்த வால் வழியாகச் சூட்டை இறக்கிக்கொள்ளும். கினிப்பன்றிக்கு வேர்வையும் இல்லை, நாய் போல இரைத்துக் குளிரவும் தெரியாது, வாலும் கிடையாது. உருண்டை உடம்பு, குட்டைக் கால், அடர்ந்த மயிர். எல்லாமே சூட்டைப் பிடித்துவைக்கக் கடவுளோ இயற்கையோ செய்து கொடுத்த அமைப்பு. மலையில் அது வரம். இங்கே அதுவே ஆபத்து. “எலி மாதிரி எதையும் தாங்கும்” என்ற பேச்சு எவ்வளவு தவறு என்று இப்போது புரியும்.

ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த மற்றவற்றை நம் ஊரில் எங்கே வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உருளைக்கிழங்கு அதே மலைக்காரன்தான், அதற்கு நீலகிரியில் இடம் கிடைத்தது. மலேரியாவுக்குக் கொய்னா மருந்து தரும் சின்கோனா மரமும் அதே ஆண்டிஸ். 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் பெருவுக்கே போய்க் கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினார். செங்கடல் வெப்பத்தில் அவை வாடின. ஊட்டி வந்து சேர்ந்தும் பிழைக்கவில்லை. அதே முயற்சியில் எக்வடாரிலிருந்து ரிச்சர்ட் ஸ்புரூஸ் அனுப்பிய கன்றுகளும் விதைகளும் நிலைத்தன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார்கள். மலையில் பிறந்ததற்கு மலைதான் வேண்டும் என்று அரசாங்கத்துக்கு அன்றைக்கே புரிந்திருந்தது. அதே மலையில் பிறந்த இந்தப் பிராணியை மட்டும் நாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.

எல்லோரும் ஊட்டிக்குக் குடிபோக முடியாது. வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன மலைநாட்டை உண்டாக்க வேண்டியதுதான்.

முதல் காரியம் இடம். பால்கனி, மொட்டை மாடி, தகரக் கொட்டகை மூன்றும் பங்குனி கடைசியிலிருந்து ஆவணி வரை கூடவே கூடாது. கண்ணாடித் தொட்டியிலும் வேண்டாம், காற்று ஓடாது. வீட்டில் கீழ்த்தளம் இருந்தால் கீழ்த்தளம், அதிலும் மேற்குச் சுவர் இல்லாத அறை. மேல்மாடிக் குடித்தனக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஒன்பது மணி வரை கீழே இறக்கும். வெயில் தாழ்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் நேரத்தில்தான் அறை அதிகமாகக் காய்ந்திருக்கும். ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கிக் கூண்டின் உயரத்திலேயே, தரையோடு வையுங்கள். 18 முதல் 24 டிகிரி அதற்குச் சுகம். 26ஐத் தாண்டினால் கவனிக்கத் தொடங்குங்கள். 30ஐத் தாண்டினால் ஏதாவது செய்தே ஆகவேண்டும். புழுக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். குண்டான பிராணி, சினையாக இருப்பது, நீளமயிர் ஜாதி, வயதானது, இவை முதலில் விழும்.

மின்விசிறியைப் போட்டுவிட்டோமே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். விசிறி நம்மைக் குளிர்விப்பது நம் வேர்வையை ஆற்றுவதால். வேர்வையே இல்லாத உடம்புமேல் நாற்பது டிகிரிக் காற்றை வீசினால் என்ன பயன்? காற்று முதலில் குளிர வேண்டும். அதற்கு நம் பாட்டிமார்கள் செய்த வழி போதும். ஜன்னலில் வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பது. தட்டி இல்லையென்றால் ஈரச் சாக்கு, ஈர வேட்டி. கூண்டுக்குப் பக்கத்தில், மேலே படாமல், கொடியில் தொங்கவிட்டு அதன் வழியாகக் காற்று வரும்படி விசிறியைத் திருப்பிவையுங்கள். வேலூர், திருச்சி, மதுரை மாதிரி வறண்ட வெயில் ஊர்களில் இது நன்றாக வேலை செய்யும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி உறவுகளே, உங்கள் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஈரத்துணியால் அதிகம் குளிராது. ஏர்கூலரும் அப்படித்தான், மூடிய அறையில் புழுக்கத்தைத்தான் கூட்டும். உங்களுக்குப் பனிக்கட்டிதான் வழி. (அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஏரிப் பனிக்கட்டியை வைக்க 1842இல் கட்டிய கட்டிடம்தான் சென்னையின் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அன்று கடல் தாண்டி வந்தது இன்று நம் சமையலறைப் பெட்டியில் கிடக்கிறது.)

பழைய தண்ணீர் பாட்டில்கள் இரண்டு மூன்றில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறையவையுங்கள். ஒரு துணியிலோ பழைய சாக்ஸிலோ நன்றாகச் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வையுங்கள். ஒரு மூலையில் மட்டும். குளிர் போதும் என்று தோன்றினால் அது நகர்ந்து போக இடம் வேண்டும். ஒன்று உருகினால் அடுத்தது. கரண்ட் போகும் ஊர்களில் இது கட்டாயம். ஒரு கடப்பா கல் துண்டையோ தரை டைல் ஒன்றையோ தண்ணீரில் நனைத்துத் துடைத்துப் போட்டால் வயிற்றை அதில் ஒட்டிக்கொண்டு படுக்கும். அணில் மத்தியானம் சிமெண்டுத் திண்ணையில் கவிழ்ந்து படுப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மண்பானை. வாயகன்ற பானையைப் பக்கவாட்டில் சாய்த்து, உருளாமல் இருபுறமும் செங்கல் அண்டை கொடுங்கள். வெளிப்புறத்தில் மட்டும் அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். ஆண்டிஸ் வீட்டு மண்சுவர்ப் பொந்து உங்கள் வீட்டிலேயே கிடைத்துவிட்டது! இரண்டு பிராணிக்கு இரண்டு பானை. ஒரே பானையில் இரண்டும் நெருக்கிக்கொண்டு படுத்தால் ஒன்றின் சூடு மற்றதற்கு. உள்ளே ஈரமான விரிப்பு கிடக்கக் கூடாது, ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். அது வெயிலைவிடக் கொடுமை. விரிப்பை வெயில் காலத்தில் தினமும் மாற்றுங்கள்.

ஏசி இருக்கிற வீட்டில் 25, 26இல் வைத்தால் போதும். காற்று நேராகக் கூண்டில் அடிக்கக் கூடாது. ஒரு மணி நேரம் ஏசி அறை, பிறகு அனல் கூடம் என்று மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். காட்டில் வாழும் இதன் உறவினங்கள் விடியலிலும் அந்தியிலும்தான் மேய வரும், உச்சி வெயிலில் புல்லுக்குள் பதுங்கிவிடும். ஆகவே குழந்தைகளிடம் சொல்லுங்கள்: மத்தியானம் தூக்கிக் கொஞ்ச வேண்டாம், விளையாட்டெல்லாம் காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும். ஊருக்குக் கொண்டுபோவதென்றால் விடிவதற்குள் கிளம்புங்கள். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிஷம்கூட விட்டுப் போகக் கூடாது.

தண்ணீர்ப் புட்டி இரண்டு மாட்டுங்கள். உருண்டை அடைத்துக்கொண்டு சொட்டு வராமல் நின்றுபோவது வழக்கம். தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். காலை மாலை தண்ணீர் மாற்றுங்கள்.

தீனியில் ஒரு விஷயம் வெயிலோடு சேர்ந்தது, அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃபுரோலிச் என்ற இருவர் கப்பல் மாலுமிகளின் நோயை ஆராயப் போய், கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தைக் கொடுத்து வளர்த்தார்கள். அவற்றுக்கு ஸ்கர்வி வந்துவிட்டது. பல் ஈறு வீங்கி, மூட்டில் ரத்தம் கட்டி. பெரும்பாலான பிராணிகள் வைட்டமின் சி-யைத் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனாலும் கினிப்பன்றியாலும் அது முடியாது. அந்த ஒற்றுமையை வைத்துத்தான் வைட்டமின் சி ஆராய்ச்சியே நகர்ந்தது. நம் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் உணவுக் குறை நோய்களை ஆராய்ந்தபோதும் கினிப்பன்றிகள் பங்கெடுத்தன. அந்த ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், வைட்டமின் சி சூட்டிலும் வெளிச்சத்திலும் கெட்டுப்போகும். கடையில் வாங்கும் குச்சித் தீவனத்தை நல்ல நிலையில் வைத்திருந்தாலே தயாரித்து மூன்று மாதத்தில் அந்தச் சத்து பெரும்பாலும் போய்விடும். அனல் அடிக்கும் அலமாரியில் வைத்தால் கேட்கவே வேண்டாம். சிறிய பொட்டலமாக வாங்கிக் குளிர்ந்த இருட்டில் மூடிவையுங்கள். வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீர்ப் புட்டியில் கலப்பதும் வீண், சீக்கிரம் கெட்டுவிடும், ருசி மாறினால் தண்ணீரே குடிக்காமல் விட்டுவிடும். வெயிலில் அதுதான் பெரிய ஆபத்து. ஒரு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. ஒரு துண்டு குடைமிளகாய், நாலு கொத்து கொத்தமல்லி, கொய்யாவில் ஒரு சின்னத் துண்டு என்று கொடுத்தால் போதும். வெள்ளரிக்காய் தண்ணீர்ச் சத்துக்கு. காய்ந்த புல் எப்போதும் இருக்க வேண்டும், அருகம்புல் கிடைத்தால் கழுவிக் கொடுங்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சோறு வேண்டாம். உருளைக்கிழங்கு ஒரே ஊர்க்காரனாக இருந்தாலும் வேண்டாம்!

இவ்வளவு செய்தும் ஒரு நாள் தவறிப்போகலாம். அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். கைகால் நீட்டித் தட்டையாகப் படுத்துக் கூப்பிட்டால் வராது. மூச்சு வேகமாக வாங்கும். வாயோரமும் தாடையும் எச்சிலில் நனைந்திருக்கும். தூக்கினால் துணி மாதிரித் துவளும். கடைசியில் வலிப்பு. முதல் இரண்டைப் பார்த்தவுடனேயே நடவடிக்கை எடுங்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான அறைக்குக் கொண்டுபோங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து காதிலும் பாதத்திலும் ஒற்றி எடுங்கள். பிறகு உடம்பு மயிரை லேசாக ஈரப்படுத்தி மெதுவாக விசிறுங்கள், ஈரம் பட்டபின் விசிறி பயன்படும், இல்லாத வேர்வையை நாம் கொடுத்துவிட்டோம் அல்லவா. ஐஸ் தண்ணீரில் முக்கவே கூடாது. தோலடி ரத்தக் குழாய்கள் சுருங்கி உள்சூடு உள்ளேயே நின்றுவிடும், அதிர்ச்சியிலேயே போய்விடும். ஈரத்துணியைப் போர்த்தி மூடியும் வைக்காதீர்கள். தானாகக் குடித்தால் தண்ணீர் காட்டுங்கள். மயங்கிக் கிடக்கும்போது வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும்.

கொஞ்சம் தெளிந்து எழுந்து நடந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். உள்ளுறுப்புகளுக்குப் பட்ட சேதம் மறுநாள்தான் வெளியே தெரியும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் கினிப்பன்றி பார்ப்பதில்லை, மாடும் நாயும் பார்ப்பவர்களே அதிகம். யார் பார்ப்பார், மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கே இருப்பார் என்பதைக் கத்திரிக்கு முன்பே விசாரித்து, அவர் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கூண்டிலேயே ஒட்டிவையுங்கள். நாம் வெளியே போயிருக்கும்போது வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிக்குத் தெரியும்படி கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.